பெருக்கல் சரி, வருடம் பிழை

கேள்வி:

டீச்சர், எனக்கு 27 வயது. பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தேன். எங்கள் டிவிஷனிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் நான். இப்போது பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். என் அம்மா 31 வருடம் கொழுந்து பறித்துவிட்டு அண்மையில்தான் வேலையிலிருந்து நின்றார். சேவைக்காலக் காசுக்கான கணக்குத் தாளைத் தோட்டத்து ஒபிசில் கொடுத்தார்கள். அம்மா அதை என்னிடம் காட்டினார். கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வந்தது. கையெழுத்துப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் இருந்த அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. “எத்தன வருசம் போட்டிருக்கான்?” என்று கேட்டார். 27 என்றேன். “ஏழாம் நம்பர் மல கவ்வாத்து வெட்டுன வருசமே உங்கம்மா பேரு போட்டுட்டாளே, ஒங்கண்ணன் அப்ப கைப்புள்ள, எப்பிடி இருபத்தேழாகும்?” என்றார். (மலை என்பது நம்பரிட்ட தேயிலை நிலத்துண்டு, கவ்வாத்து என்பது அதிலுள்ள செடிகளைக் கத்தரித்து வெட்டுவது.) அடுத்த நாள் ஒபிசில் விசாரித்தேன். முதல் நான்கு வருடமும் பதிவுக்கு முந்திய காலம் என்றார்கள். அதற்குமேல் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. அம்மா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

லயத்தில் எல்லோரும் என்னைப் “படிச்ச புள்ள” என்கிறார்கள். யாராவது கடித உறையோடு வாசலுக்கு வந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. படித்தவர் என்றால் யார், டீச்சர்? அம்மாயியா, நானா? முதுமாணிப் பட்டம் படித்தால் இந்தக் குறை தீருமா?

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்தத் தாளில் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, நாட் கூலிக்கு வேலை செய்தவருக்கு நிறைவான ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாட் கூலி வீதம் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாட் கூலியை 1,000 ரூபாயாக வைத்துப் பார்த்தால், 27 வருடத்துக்கு 378 நாட் கூலி, அதாவது 378,000 ரூபாய். 31 வருடத்துக்கு 434 நாட் கூலி, 434,000 ரூபாய். அம்மாயி அடுப்படியில் இருந்தபடி கேட்ட அந்த ஒரு கேள்வியின் பெறுமதி 56,000 ரூபாய். அது அம்மாவுக்குக் கிடைக்குமா, கிடைக்காதா என்பதை இப்போது நான் சொல்ல மாட்டேன். ஏன் சொல்ல மாட்டேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

உங்கள் பெரிய கேள்விக்கு ஓர் இனிப்பான பதில் கைவசம் இருக்கிறது. ஏட்டுப் படிப்பு ஒன்றுமில்லை, அனுபவமே கல்வி, உங்கள் அம்மாயிதான் உண்மையில் படித்தவர் என்று எழுதிவிடலாம். மேடையில் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது உங்களுக்கும் நியாயமில்லை, அம்மாயிக்கும் நியாயமில்லை. எழுத்தறியாமை எங்கள் சனத்திடமிருந்து எதையெல்லாம் பறித்தது என்பதை அறிந்தவர்கள் அதை அழகுபடுத்திப் பேசக் கூடாது.

தோட்டத்தில் தாளின் ஆட்சி மிகப் பழையது. ஒரு காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் மாற வேண்டுமானால் “துண்டு” என்ற சீட்டு வேண்டும். அவருடைய கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்ளும். யாருடைய தலையில் அந்தக் கடன் இருந்ததோ, அவருக்கு மட்டும் அதில் எழுதியிருந்த தொகையை வாசிக்கத் தெரியாது. 1921இல் துண்டு முறையை ஒழித்தார்கள். தாளுக்குப் பயப்படும் பழக்கம் அதோடு ஒழிந்துவிடவில்லை.

என் சித்தப்பாவின் கதை இதற்குப் பிந்தியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், எங்கள் மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசுகளும் ஆட்களை எண்ணிக்கையாகப் பேசி முடித்தபின், லயங்களில் விண்ணப்பங்கள் நிரப்பப்பட்டன. சித்தப்பாவின் விண்ணப்பத்தை வேறொருவர் நிரப்பினார். சித்தப்பா பெருவிரலை வைத்தார். எந்த நாட்டுக்கு என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் போட்டதுபோலத்தான் என்று பதில் வந்ததாம். இந்தியக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்றுதான் அவர் எதற்குப் பெருவிரல் வைத்தார் என்று அவருக்கே தெரியவந்தது. இந்தியாவுக்குக் கப்பலேறப் போனவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலை எங்கள் சனம் “அழுகைக் கோச்சி” என்று அழைத்தது. சித்தப்பா மூடர் அல்லர். கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்த்து, கூடையில் எத்தனை இறாத்தல் இருக்கிறது, அதில் எவ்வளவு வங்கி (வளர்ச்சி நின்ற கொழுந்து) என்று தராசுக்கு முன்பே சொல்லிவிடுவார். அவ்வளவு நுட்பமான அறிவு இருந்தும், ஒரு பக்கத் தாளின் முன்னால் அது அவருக்கு உதவவில்லை. ஆகையால் அறிவு வேறு, படிப்பு வேறு, இரண்டும் வேண்டும் என்பதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

அம்மாயியின் தலைமுறைக்குப் படிப்பு ஏன் கிடைக்கவில்லை என்பது நீங்கள் அறிந்த வரலாறுதான். தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது வைத்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், கையெழுத்துப் போடும் அளவுக்கு எழுத்து. அதற்குமேல் போகக் கூடாது என்று யாரும் சட்டம் எழுதவில்லை. எழுதத் தேவை இருக்கவுமில்லை.

சரி, படித்த உங்களுக்கு என்ன நடந்தது? நீங்கள் கவனக்குறைவாக இருக்கவில்லை. உங்களுக்குக் கற்றுத்தந்ததைக் கச்சிதமாகச் செய்தீர்கள். 27ஐ 14ஆல் பெருக்கி, கூலியால் பெருக்கி, விடையைச் சரிபார்த்தீர்கள். பெருக்கல் சரி, பிழை வருடத்தில் இருந்திருக்கலாம். ஆனால் வருடம் “தரப்பட்டிருந்தது”. பதினேழு வருடப் படிப்பில் எந்தப் பரீட்சையாவது உங்களிடம் பிழையான தரவைக் கொடுத்து, இதை நம்பலாமா என்று கேட்டதுண்டா? எங்கள் வினாத்தாள்களில் “எனத் தரப்பட்டுள்ளது” என்ற சொற்களுக்குப் பின்னால் வருவது வேதவாக்கு. அதைத் தொடாமல் அதற்குப் பிறகு வருவதை மட்டும் செய்து முடித்தவர்களுக்கே புலமைப்பரிசிலும், சாதாரண தரத்தில் ஒன்பது ஏ சித்தியும், உயர்தரத்தில் இசட் புள்ளியும் கிடைத்தன. வெளியுலகில் கணக்குப் பிழைப்பது அரிது, அதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். பிழைப்பது தரவுதான்: எத்தனை வருடம், எத்தனை நாள், எத்தனை கிலோ, யாருடைய பெயர்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. நான் முப்பத்து நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள். அதில் கடைசி ஒன்பது வருடம் சேவைக்கால ஆலோசகராக மற்ற ஆசிரியர்களுக்கும் படிப்பிக்கக் கற்றுக்கொடுத்தவள். ஒருமுறை எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன்: ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறிப்பார் எனின், 25 பேர் 6 நாட்களில் எத்தனை கிலோ பறிப்பர்? பிள்ளைகளுக்குப் பழகிய விடயத்திலிருந்து கணக்கு எடுக்கிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழுந்து, “டீச்சர், மழ நாளா, வெயில் நாளா?” என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள், “தண்ணிக் கழிவு கழிச்ச பொறகு பதினெட்டா, கழிக்க முந்தியா?” என்றான். வகுப்பு சிரித்தது. கேள்வியில் உள்ளதை மட்டும் செய் என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். மற்ற முப்பத்தாறு பேரும் 2,700 என்று எழுதினார்கள். எல்லோருக்கும் சரி போட்டேன். அன்று அந்த வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பின்புதான் உறைத்தது. ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பது அவன் வீட்டு இராச் சோற்றைத் தீர்மானித்த எண். அதை அவன் கேட்டான். நான் அதைக் குறும்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தமிழில் “கல்வி கேள்விகளில் சிறந்தவர்” என்று ஒரு வழக்கு உண்டு. அங்கே கேள்வி என்றால் காதால் கேட்டுப் பெற்ற அறிவு. நாம் இன்று கேள்வி என்று சொல்வது வினாவை. ஒரே சொல் இரண்டையும் சுமப்பதை நான் தற்செயல் என்று விட்டுவிட விரும்புவதில்லை. உங்கள் அம்மாயியிடம் கேள்வி இருக்கிறது, இரண்டு பொருளிலும்: நாற்பது ஐம்பது வருட விடயங்கள் காதில் விழுந்து நினைவில் நிற்கின்றன, ஒரு எண்ணைச் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் வருகிறது. உங்களிடம் கல்வி இருக்கிறது: தாளை வாசிக்க முடியும், சட்டம் எது என்று தேட முடியும், மூன்று மொழியில் கடிதம் எழுத முடியும். உங்களுக்குக் குறைந்தது கேள்வி. அவருக்குக் கிடைக்காமல் போனது கல்வி. நீங்கள் அவரைவிடத் தாழ்ந்துபோய்விடவில்லை. ஒருவர் தம் கையில் தரப்பட்ட எண்ணைப் பார்த்து, இதை யார் எண்ணினார், எதைப் பார்த்து எண்ணினார், எதை எண்ணாமல் விட்டார் என்று கேட்டு, அதற்கான பதிலைத் தேடிப் போய்ப் பார்க்கக் கூடியவரானால் அவரை நான் படித்தவர் என்பேன். பட்டம் அந்தத் தேடலுக்கு வழியைக் காட்டும், சந்தேகத்தை ஊட்டாது. அம்மாயியின் சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்தது. ஆனால் தேடிப் போகும் வழி அவருக்குத் திறக்கப்படவில்லை.

இனி, நீங்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது. அம்மாயி சொன்ன வாக்கியத்தை நினைவுப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதற்குள் இரண்டு திகதிகள் ஒளிந்திருக்கின்றன. “ஏழாம் நம்பர் மலை கவ்வாத்து வெட்டின வருடம்” என்கிறார். உயர்மலைத் தோட்டங்களில் ஒரு மலையை ஏறத்தாழ நான்கைந்து வருடங்களுக்கு ஒரு முறைதான் கவ்வாத்து வெட்டுவார்கள். எந்த மலையை எந்த வருடம் வெட்டினார்கள் என்பதைத் தோட்டம் எழுதி வைப்பது வழக்கம். கவ்வாத்துச் சுற்றையே நாட்காட்டியாக வைத்து அவர் பேசுகிறார். மேலும் “அண்ணன் கைப்பிள்ளை” என்கிறார். அண்ணனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் வீட்டில் இருக்கும். அம்மா மலைக்குப் போனபோது அவரைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட்டிருந்தால் அங்கேயும் இடாப்பில் பெயர் இருந்திருக்கும். இந்த இரண்டும் ஒரே வருடத்தைக் காட்டினால், அம்மாயியின் சொல் வெறும் சொல்லாக நிற்காது.

மூன்றாவது தடயம் ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் சட்டம் நிரந்தரத் தொழிலாளரை மட்டும் பார்ப்பதில்லை. தற்காலிகமாகவும் அமயமாகவும் வேலை செய்தவருக்கும் பணம் கட்ட வேண்டும் என்கிறது. “பதிவுக்கு முந்திய காலம்” என்று ஒபிசில் சொன்னார்களல்லவா? அது எந்தப் பதிவுக்கு முந்தியது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். அந்த நான்கு வருடத்தில் அம்மாவின் பெயர் செக்ரோலில் (தொழிலாளர் வேலைநாள் பதிவேட்டில்) இருந்ததா, பதிவில்லாமல் அன்றன்று கைக்காசுக்குப் போனாரா, சேமலாப நிதிக் கணக்கில் முதல் தொகை எந்த மாதம் விழுந்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

இன்னுமொன்று: அம்மாவின் அடையாள அட்டை, சேமலாப நிதி ஏடு, இந்தக் கணக்குத் தாள் ஆகிய மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எங்கள் தாய்மாரின் பெயர்கள் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. ஒரு தாளில் இராமாயி, ஒன்றில் ராமாய், இன்னொன்றில் ராமையா என்ற ஆண் பெயர். நான் கண்ணால் கண்ட ஒரே அம்மையாரின் மூன்று தாள்கள் இவை. அவருடைய பணம் இரண்டு வருடம் நின்றது. இதைச் சரிபார்க்கப் பட்டம் தேவையில்லை, பொறுமை போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அந்த நான்கு வருடமும் கணக்கில் சேராது என்பதற்கு நியாயமான காரணம் ஒன்று வெளிவரலாம். அதற்கும் இடம் விட்டு வையுங்கள். ஒபிசில் இருப்பவர் வேண்டுமென்றே குறைத்தார் என்று லயத்தில் இப்போதே பேசத் தொடங்கியிருப்பார்கள். அந்தப் பேச்சில் நீங்கள் சேர வேண்டாம். அந்த 27ஐ நம்பியது அவசரம் என்றால், தாளைப் பார்க்காமல் 31ஐ நம்புவதும் அவசரம்தான். மேலே நான் முடிவு சொல்லாமல் விட்டது இதனால்தான்.

வாசலில் உறையோடு வருபவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. படித்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நினைக்கிறார்கள், தெரியாது என்று சொன்னால் பட்டத்தின் மானம் போய்விடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்லுங்கள், போகட்டும். “இது எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமைக்குள் விசாரித்துச் சொல்கிறேன்” என்று நாள் குறித்துச் சொல்லி, அந்த வெள்ளிக்கிழமை அவர்களுக்கு முன்னால் நீங்கள் போய் நின்றால், இரண்டு மாதத்தில் பயம் போய்விடும். ஒரு கொப்பியில் யார், என்ன தாள், எங்கே விசாரித்தேன், என்ன பதில் என்று எழுதி வையுங்கள். ஐந்தாவது ஆள் அதே தாளோடு வருவார். சிங்களத்தில் மட்டும் வந்த அரச கடிதத்தைக் கண்டு தடுமாற வேண்டாம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் அனுப்புங்கள் என்று கேட்டு எழுதும் கடிதத்தை உங்கள் அலுவலகத்திலிருந்தே நீங்கள் பழகியிருப்பீர்கள்.

ஆனால் ஒரு விடயத்தில் நான் கண்டிப்பாக இருக்க விரும்புகிறேன். தாளை வாங்கி, நீங்கள் மட்டும் வாசித்து, “சரி, கையெழுத்துப் போடுங்க” என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அந்த வேலையைத்தான் அந்தக் காலத்தில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை (தொழிலாளரை மேற்பார்த்தவர்) செய்தார். என் சித்தப்பாவின் தாளை நிரப்பியவரும் அதைத்தான் செய்தார். அவர்களில் பலர் நல்லவர்கள்கூட. வந்தவரை உங்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை, விரலை வைத்து, முத்திரையில் உள்ள எழுத்து உட்பட உரத்து வாசியுங்கள். எண் வருமிடத்தில் நிறுத்தி, “இதில் இருபத்தேழு என்று போட்டிருக்கிறது, நீங்கள் எவ்வளவு நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். எழுத்தறியாதவருக்கும் தம் வாழ்க்கையின் எண்கள் மனப்பாடம். பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். கால் மணி நேரம் கூடுதலாகப் போகும். வேலை முடிந்து களைத்து வரும் உங்களுக்கு அது சிரமம்தான். எல்லா நாளும் செய்ய முடியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதுமாணிப் பட்டம் பற்றி: பாடத்தில் விருப்பமிருந்தால் படியுங்கள், பதவி உயர்வுக்கு உதவும் என்றாலும் படியுங்கள். இந்தக் குறைக்கு மருந்தாக அதை எடுத்துக்கொண்டால் இன்னும் பெரிய தரவுகளை இன்னும் நம்பிக்கையோடு பெருக்குவீர்கள்.

இந்த வாரமே அம்மாயியிடம் போய், ஏழாம் நம்பர் மலைக்கு முந்தியும் பிந்தியும் எந்த எந்த மலை கவ்வாத்து நடந்தது, அப்போது வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போனது என்று கேட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். தோட்டத்துக் கவ்வாத்துப் பதிவைப் பார்க்க அனுமதி கேட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள். பதிவில் உள்ள வருடமும் அவர் சொன்ன வருடமும் ஒத்துவந்தால் அந்தப் பிரதியை முறைப்பாட்டோடு இணையுங்கள். ஒத்துவராவிட்டால், வேறு யாரிடமும் சொல்வதற்கு முன் அதை அம்மாயியிடம் வாசித்துக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்